வகுப்பு வைக்காத நேரம்

வால்பரைசோ பல்கலைக்கழகத்தின் கால அட்டவணையில் முற்பகல் வகுப்புகளுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு. சாப்பல் பிரேக் என்பார்கள். சிற்றாலயத்தில் காலை ஜெபம் நடக்கும் நேரம் அது. வேதியியல் துறையாகட்டும், பொறியியல் துறையாகட்டும், அந்த நேரத்தில் வகுப்பு வைப்பதில்லை. ஆலயத்துக்குப் போகிறவர்கள் போகலாம். போகாதவர்களை ஏனென்று யாரும் கேட்பதில்லை. காப்பி குடிக்கலாம், பேராசிரியரை அறையில் போய்ப் பார்க்கலாம், வெயில் நாளென்றால் புல்தரையில் கால்நீட்டி உட்காரலாம். பல்கலைக்கழகத் தலைவரும் முந்தின வாரம் வந்து சேர்ந்த முதலாண்டு மாணவியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவதை நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்குச் சற்றுத் தெற்கே, சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வால்பரைசோ. நான் முதுகலை படித்தது அங்கேதான். மார்ட்டின் லூதர் வழிவந்த லுத்தரன் சபை மக்களுடைய அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். எந்தப் பக்கம் தொடங்கினாலும் அந்த இடைவெளியில்தான் வந்து நிற்கிறது மனம்.

எனக்குக் களியக்காவிளைக்குப் பக்கம் சொந்த ஊர். நாகர்கோவிலைவிடப் பாறசாலைதான் கிட்டம். சந்தையில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துபோகும். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர் என்றால் சி.எஸ்.ஐ., அல்லது கத்தோலிக்கர், அல்லது இரட்சணிய சேனை. லுத்தரன் என்றால் "அது எந்தச் சபை?" என்று இன்றும் கேட்பார்கள். மிசௌரி சினாடு என்ற அமெரிக்க லுத்தரன் சபையின் மிஷனரிகள் 1895-ல் கிருஷ்ணகிரிப் பக்கம் வேலையைத் தொடங்கி, 1907-ல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பிறகு திருவனந்தபுரம். 1924-ல் நாகர்கோவிலில் கங்கார்டியா இறையியல் செமினரி தொடங்கியது. இன்று இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று பெயர்; ஆம்பூர், நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று மூன்று சினாடுகள், அதாவது சபை மண்டலங்கள்.

அப்பா லுத்தரன் பள்ளியொன்றில் கணக்கு வாத்தியார். செமினரியில் ஏதாவது ஆராதனை என்றால் எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். ஆம்பூர்ப் பக்கத்துத் தமிழ், எங்கள் பக்கத்துத் தமிழ், திருவனந்தபுரத்து மலையாளம் எல்லாம் அங்கே ஒரே சாப்பாட்டு மேசையில் கேட்கும். பாட்டு தொடங்கினால் ராகம் ஒன்றுதான். அவரவர் மொழியில் பாடுவார்கள். அது குழப்பமாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்களுக்கு அது பழக்கம். பல ஆண்டுகள் அந்தச் செமினரியில் கற்பித்த மார்ட்டின் லூதர் கிரெட்ஸ்மன் என்ற மிஷனரியின் பெயரை அப்பா அடிக்கடி சொல்லுவார். மிஷன் வேலை என்பது முழுத் திருச்சபையும் முழு மனிதனுக்கும் செய்ய வேண்டியது என்று சொல்லும் ஓர் அறிக்கையை, 1965-ல் டெட்ராய்ட்டில் கூடிய மிசௌரி சினாடு மாநாடு ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் இந்தக் கிரெட்ஸ்மன். நாகர்கோவில் அனுபவம் அதில் இல்லாமல் இருக்காது என்பது அப்பாவின் உறுதியான எண்ணம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வால்பரைசோவில் சேர்ந்த பிறகு, 1940 முதல் 1968 வரை அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் ஓ.பி. கிரெட்ஸ்மன் என்று படித்தபோது, வீட்டுத் திண்ணையில் கேட்ட பெயரைக் கடல் தாண்டியும் கேட்ட மகிழ்ச்சி வந்தது.

ஒரு லுத்தரன் பல்கலைக்கழகத்தை மற்றவற்றிலிருந்து வேறாக்குவது என்ன என்று கேட்டால், பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரின் வீட்டைத்தான் நான் காட்டுவேன். 1502-ல் தொடங்கிய விட்டன்பர்க் பல்கலைக்கழகம் அந்தக் காலத்துப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு முன்னால் நேற்று முளைத்தது. ஊரும் சின்ன ஊர். அங்கே வேதாகமம் கற்பித்த பேராசிரியர் லூதர். 1518-ல் கிரேக்கம் கற்பிக்க மெலாங்தன் வந்தபோது அவருக்கு வயது 21. லூதர் குடியிருந்த பழைய மடத்தில் மாணவர்களும் தங்கியிருந்தார்கள். 1525-ல் அவரைத் திருமணம் செய்த காத்தரீனா ஃபான் போரா தோட்டம், மாடு, சமையல், கணக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் லூதர் பேசியதை மாணவர்கள் எழுதிவைத்தார்கள். வகுப்பறையில் கேட்டதும், சாப்பிடும்போது கேட்டதும், ஆலயத்தில் கேட்டதும் ஒரே மனிதரிடமிருந்து வந்தன. அவருடைய கோபத்தையும் நோயையும் குழந்தை இறந்த துக்கத்தையும் மாணவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆசிரியரின் வாழ்க்கையும் பாடத்தில் சேர்த்தி என்ற இந்த எண்ணம் எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. குருவின் வீட்டில் தங்கிப் படித்த மரபு இங்கே அதற்கும் முந்தியது. ஆனால் அந்த வீட்டு வாசல் எல்லாருக்கும் திறக்கவில்லை. 1524-ல் லூதர் ஜெர்மன் நகரசபைகளுக்கு எழுதிய வேண்டுகோளில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்றார். அந்தச் செலவை நகரம் ஏற்க வேண்டும் என்றார். எனக்கு லூதரிடம் மிகப் பிடித்தது இதுதான்.

இந்த ஓட்டம் எங்கள் பக்கம் வந்து சேர்ந்த வழியும் சுவையானது. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்த சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அதே ஹாலேயில் படித்த இன்னொரு லுத்தரன், ரிங்கல்தௌபே. லண்டன் மிஷனரி சங்கம் அனுப்ப, தரங்கம்பாடி வந்து தமிழ் படித்து, மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் என்பவர் அழைத்ததன்பேரில் 1806-ல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-ல் மயிலாடியில் அவர் தொடங்கிய பள்ளிதான், பிறகு மீட் என்ற மிஷனரியின் காலத்தில் நாகர்கோவிலுக்கு மாறி, 1893-ல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. குமரி மாவட்டம் படிப்பறிவுக்குப் பெயர் பெற்றது என்று பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமையின் வேரில் ஒரு சின்ன இடத்துப் பேராசிரியரும் அவர் சாப்பாட்டு மேசையும் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

வால்பரைசோ தொடக்கத்தில் லுத்தரன் நிறுவனமே இல்லை. 1859-ல் மெதடிஸ்டுகள் தொடங்கிய கல்லூரி அது. முதல் நாளிலிருந்தே ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்தார்கள். அன்றைய அமெரிக்காவில் அது அரிது. நூலகத்தில் இந்த ஆண்டைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதே 1859-ல், ஜூலை 26 அன்று, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று உத்திரம் திருநாள் மகாராஜா அறிவித்தார். அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. தோள்சீலைக்காக எங்கள் பெண்கள் அடிவாங்கிய ஆண்டுகளில், இண்டியானாவின் சோளக்காட்டு ஊரொன்றில் பெண்களை வகுப்பறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். எங்கள் பாட்டா பனையேறியவர். அவருடைய பேத்தி அந்த வகுப்பறையில் போய் உட்கார்ந்திருக்கிறேன். இதை வெறும் தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசமாட்டேன். ஆனால் எனக்கு அது அவ்வளவு மட்டும் இல்லை.

பணமில்லாமல் மூடிய கல்லூரியை 1873-ல் ஹென்றி பேக்கர் பிரவுன் என்பவர் மீண்டும் திறந்தார். குறைந்த கட்டணம், எளிய சாப்பாடு, யார் வந்தாலும் இடம். ஏழைகளின் ஹார்வர்டு என்று பெயர் வாங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் மறுபடியும் நொடித்தது. 1923-ல் அதை வாங்க முயன்றது கு கிளக்ஸ் கிளான். கறுப்பர்களையும் யூதர்களையும் கத்தோலிக்கரையும் வெறுத்த அந்த இயக்கத்தின் கைக்கு ஒரு பல்கலைக்கழகம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்! நல்லவேளை, அது நடக்கவில்லை. 1925-ல் லுத்தரன் பல்கலைக்கழகச் சங்கம் என்ற பெயரில் கூடிய லுத்தரன் மக்கள் அதை வாங்கினார்கள்.

இங்கே ஒரு விவரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வாங்கியது திருச்சபை நிர்வாகம் அல்ல, சபை மக்கள் சேர்ந்து அமைத்த ஒரு சங்கம். அதனால் இன்றுவரை எந்தச் சினாடும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எஜமான் இல்லை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்லூரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சபைத் தேர்தலில் எந்த அணி ஜெயிக்கிறதோ அந்த அணியின் ஆள் தாளாளர் ஆவார். அடுத்த தேர்தலில் காற்று மாறினால் முதல்வர் மாறுவார், வேலை நியமனங்கள் நிற்கும், வழக்கு நீதிமன்றம் போகும். நான் பார்த்த ஒரு கல்லூரியில் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமலே ஒரு கல்வியாண்டு ஓடிப்போனது. படித்த பிள்ளைகளின் ஆண்டு அது, திரும்பி வராது. திருச்சபை கல்லூரி நடத்தக்கூடாது என்பதல்ல என் வாதம். சபையின் விசுவாசம் கல்லூரிக்குள் வரட்டும். சபையின் தேர்தல் வாசலிலேயே நிற்கட்டும்.

லுத்தரன் படிப்பில் அழைப்பு என்று ஒன்றைச் சொல்வார்கள். போதகர் மட்டும் கடவுளால் அழைக்கப்பட்டவர் இல்லை. செருப்புத் தைக்கிறவரும் பால் கறக்கிறவரும் பிள்ளை வளர்க்கிறவரும் அயலானுக்குச் செய்யும் வேலையால் கடவுளுக்கே வேலை செய்கிறார்கள் என்பது லூதரின் போதனை. ஞாயிறு பள்ளியில் இதை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். வால்பரைசோவில் ஒரு கட்டடத்தைக் காட்டித்தான் எனக்கு விளங்கவைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில் அங்கே பொறியியல் படிப்பை நிறுத்திவிடும் நிலை. ஆய்வுக்கூடம் கட்டப் பணமில்லை. மாணவர்களே முன்வந்தார்கள். போரிலிருந்து திரும்பியவர்கள் பலர் அவர்களில். நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று சொல்லி, 1949-ஐ ஒட்டிய காலத்தில் கல்லும் சிமெண்டும் சுமந்து தங்கள் பொறியியல் கட்டடத்தைத் தாங்களே எழுப்பினார்கள். படிப்பு பிழைத்தது.

எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பொறியியல் கல்லூரிப் பலகை. அங்கே படித்த எத்தனை பேர் கையில் கொத்தனார் கரண்டி பிடித்திருப்பார்கள்? கைவேலை செய்தால் கௌரவம் போய்விடும் என்பதற்காகவே பிள்ளையைப் பொறியியலுக்கு அனுப்பிய வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அந்த எண்ணத்துக்கு வெளியே இல்லை. பாட்டாவின் நெஞ்சில் பனை உராய்ந்த தழும்பை அப்பா யாரிடமும் பேசியதில்லை. இந்தக் கட்டடக் கதையை நான் தொலைபேசியில் சொன்ன நாளில்தான், பாட்டா எத்தனை பனை ஏறுவார், எந்நேரம் எழுவார் என்று முதல்முறையாக அப்பா எனக்குச் சொன்னார்.

இன்னொன்று, ஹானர் கோடு. 1943 முதல் மாணவர்களே காத்துவரும் முறை. ஒவ்வொரு தேர்வுத்தாளிலும் கட்டுரையிலும், 'அனுமதியில்லாத உதவியை நான் கொடுக்கவில்லை, வாங்கவில்லை, பிறர் அதைப் பயன்படுத்தியதைச் சகித்துக்கொள்ளவும் இல்லை' என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் முதல் தேர்வில் பேராசிரியர் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு அறையைவிட்டுப் போய்விட்டார். பறக்கும் படை, பெல்ட்டைத் தடவிப் பார்ப்பது, கால்குலேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பது எல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த அறையில் என்மேல் விழுந்த நம்பிக்கையின் கனம் எந்தக் கண்காணிப்பாளரின் பார்வையைவிடவும் பெரிதாக இருந்தது. அந்த வாக்கியத்தின் மூன்றாம் பகுதியோடுதான் எனக்கு நாளெல்லாம் போராட்டம். பக்கத்தில் இருப்பவர் செய்யும் தப்பை நான் சகிக்கக்கூடாது என்றால், நண்பரைக் காட்டிக்கொடுப்பதா? இதைப் பற்றி மாணவர்கள் விடுதியில் நள்ளிரவுவரை பேசுவார்கள். முடிவு எட்டாத பேச்சுதான். ஆனாலும் ஒரு சமூகம் தன் சட்டத்தைத் தானே பேசிப் பேசித்தான் உயிரோடு வைத்திருக்கிறது என்று அங்கே பார்த்தேன்.

சின்ன இடம் என்பதால் யாரிடமும் ஒளிய முடியாது. என் கட்டுரையைச் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பிக்கொடுத்த பேராசிரியை மறுநாள் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் ஆல்ட்டோ பாடுவார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட முடியாது. மூச்சு எடுப்பதற்கே ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். 1959-ல் கட்டிய உயிர்த்தெழுதல் சிற்றாலயம், சிற்றாலயம் என்று பெயரே தவிர, ஈராயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். கண்ணாடிச் சாளரங்களில் பனிக்கால வெளிச்சம் நிறமாக இறங்கும். ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசை அங்கே தினசரிச் சோறு. ஒரு காலை ஜெபத்தில் என்னைப் பாடச் சொன்னார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைத் தமிழிலேயே பாடினேன். சாஸ்திரியாரை வளர்த்துப் படிக்கவைத்த மிஷனரி ஸ்வார்ட்ஸும் ஹாலேயிலிருந்து வந்தவர்தான் என்று பாடுவதற்கு முன் சொன்னேன். தமிழில் லுத்தரன் பாட்டு இத்தனை காலமாக இருக்கிறதா என்று பலர் வந்து விசாரித்தார்கள். எங்கள் சபைக்கு வயது உங்கள் நாட்டைவிட அதிகம் என்று பெருமையோடு சொன்னேன். தரங்கம்பாடியைக் கணக்கில் எடுத்தால் உண்மைதானே.

ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் வெளிநாட்டு மாணவர்களைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். ஆலயத்தின் கீழ்த்தளத்தில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து வைத்துச் சேர்ந்து சாப்பிடுவதும் உண்டு. எங்கள் ஊர்ச் சபையில் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனம் மாதிரிதான். பெரிய வார்ப்பில் பொங்கிய சோறும் குழம்பும்தான் அங்கே கிடையாது. அசனத்தில் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பது ஒரு காலத்தில் எங்கள் மாவட்டத்தின் பெரிய கேள்வியாக இருந்தது. சேர்ந்து உண்பதைச் சபை விதியாக வைத்ததால்தான் பல சுவர்கள் இடிந்தன. இடியாதவை இன்னும் இருக்கின்றன. இண்டியானாவிலும் அப்படியே. மேசையில் கறுப்பின மாணவர்கள் தனியாகவும் வெள்ளையர் தனியாகவும் உட்கார்ந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். ஹைதராபாத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த பொறியியல் மாணவர்களுக்குச் சாப்பல் பிரேக் என்பது அறைக்குப் போய்க் கண்ணயரும் நேரம். அவர்களை உள்ளே இழுக்க யாரும் போதுமான அளவு முயலவில்லை என்பது என் மனக்குறை. ஆலயத்துக்கு வரச்சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஜெபத்தைக் கட்டாயமாக்கினால் ஜெபமும் போகும், அந்த நேரமும் போகும். ஆலயத்துக்கு வெளியே அவர்களோடு போய் உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளுக்குச் சிலுவைப்போர் வீரர்கள் என்ற பெயர் வெகுகாலம் இருந்தது. 2021-ல் அதைக் கைவிட்டுக் கலங்கரை விளக்கு என்ற பொருள்படும் பெயரை வைத்தார்கள். பழைய மாணவர்கள் பலருக்கு வருத்தம். நான் மாற்றத்தின் பக்கம்தான். தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் தர்காவில் ஆண்டுக்கொருமுறை இரவு முழுக்க அவருடைய தமிழ்ப் பாடல்களைப் பாடுவார்கள். அந்தப் பாட்டு காதில் விழ வளர்ந்த எனக்கு, சிலுவைப்போரைக் கொண்டாடும் சட்டையைப் போட மனம் வந்ததே இல்லை. பல்கலைக்கழகத்தின் இலச்சினை வாக்கியமே 36-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது: 'உம்முடைய வெளிச்சத்திலே வெளிச்சம் காண்கிறோம்.' அதற்குப் புதுப்பெயர்தான் பொருந்துகிறது.

இப்போது அந்த இடத்துக்கும் அதைப் போன்ற இடங்களுக்கும் கஷ்டகாலம். அமெரிக்காவில் பதினெட்டு வயதாகும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவருகிறது. கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. நான் படித்த காலத்தை ஒட்டி வால்பரைசோவில் நாலாயிரத்துக்கு மேல் மாணவர்கள். இன்று மூவாயிரத்துக்கும் கீழே. சட்டக் கல்லூரி மூடப்பட்டது. 2023-ல் முதலாண்டு மாணவர் விடுதியைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்று, பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருந்த, அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் வரைந்த ஓவியம் உட்பட மூன்று ஓவியங்களை விற்கத் திட்டமிட்டார்கள். அதை எதிர்த்துப் பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் குரல் எழுப்பினார்கள். 2024-ல் பல பட்டப்படிப்புகள் தேவையா என்று பரிசீலனைக்கு வந்தன. விடுதியில் நல்ல கூரை வேண்டும் என்பதும் உண்மை. ஓவியம் என்பது படிப்பின் ஒரு பகுதி என்பதும் உண்மை. எனக்கு ஓவியத்தை விற்கும் எண்ணம் பிடிக்கவில்லை. ஒருமுறை விற்றால் திரும்பாது. ஓவியம் வாங்கக் கொடுத்தவர்களின் நம்பிக்கையும் அதோடு போகிறது.

மற்றவை இன்னும் மோசம். பின்லாந்திலிருந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 1896-ல் மிச்சிகனில் தொடங்கிய சுவோமி கல்லூரி, பின்னாளில் ஃபின்லாந்தியா பல்கலைக்கழகம் ஆகி, 2023-ல் மூடியது. போர்ட்லண்டின் கங்கார்டியா பல்கலைக்கழகம் 2020-ல் மூடியது. என்னை மிகவும் வருத்தியது அலபாமாவின் செல்மா நகரத்துக் கங்கார்டியாக் கல்லூரி. ரோசா யங் என்ற கறுப்பினப் பெண் 1912-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். பருத்திக் காய்ப்புழு வந்து விளைச்சல் அழிந்ததும் பள்ளிக்குப் பணமில்லை. கறுப்பினக் கல்வித் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். லுத்தரன்களிடம் கேட்டுப் பாருங்கள் என்று அவர் பதில் எழுதினார். அப்படி வளர்ந்த வேலையிலிருந்து 1922-ல் பிறந்தது அந்தக் கல்லூரி. 2018-ல் கதவடைத்தது. கணக்குப் புத்தகத்தில் அதற்கு நியாயம் இருக்கலாம். அந்த ஊர்ப் பெண்பிள்ளைக்கு அந்தக் கணக்கு என்ன பதில் சொல்லும்?

ஊர் திரும்பி, எல்லையோரத்துக் கல்லூரியொன்றில் ஆசிரியை ஆனபின், வாரத்தில் ஒருநாள் முற்பகலில் எந்தத் துறையும் வகுப்பு வைக்காத ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். மதம் சார்ந்த எதையும் சேர்க்கவில்லை. சும்மா ஒரு நேரம். "அந்த நேரத்துல பிள்ளைகள் என்ன செய்யும்?" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். "என்ன வேணும்னாலும் செய்யட்டும் சார்" என்றேன். "அப்போ பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிரும்" என்றார். தொடக்கத்தில் அவர் சொன்னதுதான் நடந்தது. களியக்காவிளை பஸ்ஸிலும் மார்த்தாண்டம் பஸ்ஸிலும் கூட்டம் ஏறியது. மெல்ல மெல்லச் சிலர் நின்றார்கள். மலையாளம் படித்து வந்த பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அவர்களிடம் இவர்கள் மலையாளம் கற்றார்கள். ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் நன்றாகத் தபேலா வாசிப்பார் என்று அவரோடு வெகுகாலம் வேலை பார்த்தவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. பாடத்திட்டச் சுமை கூடியதும் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இந்தப் பேச்சு இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அண்ணன் மகளுக்கு அமெரிக்காவில் இரண்டு இடங்களில் அனுமதி. ஒன்று எல்லாருக்கும் பெயர் தெரிந்த மாநிலப் பல்கலைக்கழகம். இன்னொன்று ஒரு சின்ன லுத்தரன் பல்கலைக்கழகம். அங்கே உதவித்தொகையும் உண்டு.

"எளா, பேரே கேள்விப்படாத இடத்துக்கு இவ்வளவு பைசா செலவாக்கவா? நாளைக்கி வேலைக்குப் போனா எவன் மதிப்பான்?" என்றான் அண்ணன்.

"மாமி, நீங்க சொல்லுங்க. எனக்கு ரெண்டும் சரியாத்தான் தோணுது" என்றாள் அவள்.

இதில்தான் சேர வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. இரண்டு இடத்துக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பச் சொன்னேன். முதலாண்டுப் பாடத்தைப் பேராசிரியர் எடுக்கிறாரா, ஆராய்ச்சி மாணவர் எடுக்கிறாரா? நீ சேரப்போகும் துறையில் கடந்த சில ஆண்டுகளில் வேலையைவிட்டுப் போனவர்களின் இடம் நிரப்பப்பட்டதா? கிறிஸ்மஸ் விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா, வெளிநாட்டுப் பிள்ளைகள் எங்கே சாப்பிடும்? வளாகத்தில் எல்லாரும் ஓய்வாக இருக்கும் பொதுநேரம் ஏதாவது உண்டா?

அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அண்ணன் பின்னால் நின்று படித்தான். "இதையும் போடு மக்களே" என்றான். "பாதி படிப்புல பல்கலைக்கழகத்த மூடிட்டா, எங்க பிள்ளைய எந்தக் காலேஜு எடுத்து முடிச்சுக் குடுக்கும், அதுக்கு இப்பவே ஒப்பந்தம் போட்டு வச்சிருக்காங்களான்னு கேளு." ஃபின்லாந்தியா மூடியபோது அப்படி வேறு பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்று நான் சொன்னேன். அவள் அந்தக் கேள்வியை முதலாவதாக ஏற்றி வைத்து, இரண்டு இடத்துக்கும் அனுப்பினாள்.